முடிவுள்ள பக்கங்கள்

“கட்டுரையின் இணைப்பு முதல் கமெண்டில்.” ஃபேஸ்புக்கில் புழங்கும் தமிழ் எழுத்தாளர்களில் இந்த வரியை எழுதாதவர்கள் குறைவு. வெளித்தளத்துக்கு இணைப்புத் தந்தால் பதிவு பலர் கண்ணில் படாது என்பது அங்கே எழுதுகிறவர்கள் பட்டறிந்து வைத்திருக்கும் நம்பிக்கை. எக்ஸ் தளத்தின் உரிமையாளர் ஈலான் மஸ்க் 2024 நவம்பரில், இணைப்பைப் பதிவில் போடாமல் அதற்கான மறுமொழியில் போடும்படி வெளிப்படையாகவே எழுதினார். தன் சொந்தத் தளத்தில் எழுதியதைப் படிக்க வாருங்கள் என்று நண்பர்களைக் கூப்பிடுவதற்குக்கூட மறைவிடம் தேட வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போக வழி வைப்பதற்கென்றே உருவான ஊடகத்தில் இது நடக்கிறது.

சிறு தளங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகின்றன என்ற கவலையை எழுத்தாளர்களும் இதழ் நடத்துகிறவர்களும் பேசுகிறார்கள். கைபேசியை எடுத்தால் கீழே வைக்க முடிவதில்லை என்ற கவலையைப் பெற்றோரும் மருத்துவர்களும் பேசுகிறார்கள். இரண்டும் தனித்தனி மேடைகளில் பேசப்படுகின்றன. எனக்கோ இரண்டுக்கும் வேர் ஒன்று என்றே படுகிறது. ஒரு தளம் எதை விற்று உயிர்வாழ்கிறது என்பதுதான் அந்த வேர். நம் நேரத்தை விற்றுப் பிழைக்கும் தளம் நம்மை வெளியே விடாது. அப்படிப் பிழைக்காத தளத்தில் பக்கம் முடியும். படித்து முடித்ததும் நாம் எழுந்து போகலாம். அத்தகைய தளங்கள் இருந்தால்தான் கவனத்தோடு தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது என்ற பேச்சுக்குப் பொருளுண்டு. அவை இருப்பதும் இல்லாமல் போவதும் வாசகர்களாகிய நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சுதந்திரத் தளம் என்று நான் சொல்வது இதை: தனக்கென ஒரு முகவரி வைத்திருப்பது, எதை வெளியிடுவது என்பதை அதை நடத்துகிறவர்களே தீர்மானிப்பது, வாசகர் எந்தக் கணக்கும் திறக்காமல் நேராக வந்து படிக்கக்கூடியது. அளவு முக்கியமில்லை. விக்கிப்பீடியா உலகின் மிகப் பெரிய தளங்களுள் ஒன்று. இந்த வரையறைக்குள் அதுவும் வரும்.

இணையமே இப்படித்தான் தொடங்கியது. 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் முன்வைத்த வலையை, 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிறுவனம் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. தமிழர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள அதிகக் காலம் எடுக்கவில்லை. 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் அதை முன்னின்று நடத்தினார்கள். 1999இல் திண்ணை இணைய இதழ் வந்தது. 2000இல் கனடாவிலிருந்து வ.ந. கிரிதரனின் ‘பதிவுகள்’ இதழ். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா. 2005இல் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்க்கும் நூலகம். அன்று தமிழ் எழுத்துரு என்பதே ஒரு சண்டைக்களம். ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அது உங்கள் கணினியில் இல்லையென்றால் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். மயிலை, தகுதரம், பிறகு யூனிகோட் என்று குறியீட்டு முறை மாற மாற ஒரே நூலை மீண்டும் மீண்டும் மாற்றிப் போட்டார்கள். சம்பளம் யாருக்கும் கிடையாது.

மதுரைத் திட்டத்தின் ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். நூலுக்கு முன்னால் சில வரிகள் இருக்கும். தட்டச்சு செய்தவர் பெயர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர், அவர் எந்த ஊர், எந்த நாடு. இது தன்னார்வ முயற்சி, இந்த முன்பக்கத்தை நீக்காமல் கோப்பை யாருக்கும் கொடுக்கலாம் என்று ஒரு குறிப்பு. அதன் கீழே நூல் தொடங்கும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. ஓரத்தில் எதுவும் மினுக்காது, நடுவில் எதுவும் குறுக்கே வந்து நிற்காது. கடைசிப் பாட்டு முடிந்ததும் பக்கம் முடிந்துவிடும். அச்செழுத்தைத் தமிழில் இயந்திரம் படித்தெடுக்க வழியில்லாத காலத்தில், வேலைக்குப் போய்வந்த பிறகு இரவில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாக அடித்தவர்களின் உழைப்பு அது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் இப்படி வந்திருக்கின்றன. இன்று சங்கப் பாடல் ஒன்றை இணையத்தில் தேடி எடுக்கிறவர், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்காமலேயே பெரும்பாலும் இந்த உழைப்பைத்தான் பயன்படுத்துகிறார்.

பக்கம் முடிவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் திரை ஒருவர் வடிவமைத்த பொருள். 2006இல் அதை வகுத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். அதற்கு முன்பு பக்கத்தின் அடிக்கு வந்ததும் ‘அடுத்து’ என்பதை அழுத்த வேண்டும். போதுமா, இன்னும் வேண்டுமா என்று மனம் ஒருகணம் யோசிக்கும் இடம் அது. அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். 2009இல் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது. பிறகு அறிவிப்புகள், தானே ஓடத் தொடங்கும் காணொளி, ரீல்ஸ். விளம்பரம் பார்ப்பதற்கான நேரம்தான் சரக்கு என்றானபின் இவை ஒவ்வொன்றும் வந்தே தீரும். தகவல் பெருகப் பெருகக் கவனம்தான் அரிதாகும் என்று பொருளியலாளர் ஹெர்பர்ட் சைமன் 1971லேயே எச்சரித்திருந்தார். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் திரை முன் மனிதர்களை நெடுங்காலமாகக் கவனித்து வருபவர். 2004இல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், அண்மை ஆண்டுகளில் 47 நொடிக்கு வந்திருப்பதாக அவர் எழுதுகிறார்.

இதற்குத் தீர்வாக நமக்குச் சொல்லப்படுவது மனவுறுதி. செயலியை நீக்குங்கள், ஞாயிறு ஒருநாள் போனைத் தொடாதீர்கள் என்கிறார்கள். பயனில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 2018இல் அமெரிக்காவில் ஹண்ட் ஆல்காட் முதலிய பொருளியலாளர்கள் செய்த சோதனை இதில் ஒரு முக்கியமான செய்தியைத் தருகிறது. பணம் கொடுத்துச் சிலரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்கிவைக்கச் செய்தார்கள். அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலை சற்று மேம்பட்டது, அரசியல் காழ்ப்பும் குறைந்தது. கூடவே, நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்துபோனது. சோதனை முடிந்தபின்னும் அவர்கள் முன்னைவிடக் குறைவாகவே ஃபேஸ்புக் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குறைந்துபோன அறிவு. வாசலை மூடிவிட்டார்கள், செய்திக்கு வேறு எங்கே போவது என்ற பழக்கம் அவர்களிடம் போதுமான அளவு இல்லை. விலகுவது பாதி வேலை. விலகி எங்கே போவது என்பது மீதி. நம் ஊரில் ஃபேஸ்புக்கை விட்டவர்கள் பலர் வாட்ஸப்புக்கும் ரீல்ஸுக்கும் போயிருக்கிறார்கள்.

போக இடம் வைத்திருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குக் கனடாவில் ஓர் உதாரணம் உண்டு. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, 2023 ஆகஸ்டில் மெட்டா நிறுவனம் அந்நாட்டில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளை நிறுத்தியது. அதே மாதம் வடக்கே யெல்லோநைஃப் நகரத்தைக் காட்டுத்தீ நெருங்கியது. ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற செய்தியின் இணைப்பைக்கூட ஃபேஸ்புக்கில் பகிர முடியவில்லை. அந்நகரத்தில் கேபின் ரேடியோ என்ற சிறிய சுதந்திரத் தளம் இருந்தது. மக்கள் நேராக அதன் முகவரிக்குப் போய்ப் படித்தார்கள். இந்தப் பழக்கம் தீப்பிடித்த அன்று உருவாகிற பழக்கமில்லை.

தமிழில் நாம் இழந்தவற்றைக் கணக்கெடுத்தால் மனம் கனக்கிறது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில் பல ஆண்டுகள் நடந்த இலக்கிய உரையாடல் தமிழ் இணையத்தின் முதல் தலைமுறை எழுத்து. யாஹூ 2019 டிசம்பரில் குழுமங்களின் பழைய உள்ளடக்கத்தை அழித்தது. அடுத்த ஆண்டு சேவையையே மூடிவிட்டது. யாராவது தனியே சேமித்து வைத்திருந்தால் உண்டு. பிளாக்ஸ்பாட் கதை வேறு மாதிரி. இந்திய வாசகர்களை 2012இல் பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரிக்குக் கூகுள் திருப்பிவிட்டது. எல்லோரும் அந்த முகவரியையே நகலெடுத்துப் பகிர்ந்தார்கள். 2020இல் அந்தப் பெயரே கூகுளின் கைவிட்டுப் போனது. வலைப்பூக்கள் இருக்கின்றன, அவற்றை நோக்கிக் காட்டிய எண்ணற்ற இணைப்புகள் செத்துவிட்டன. உலக அளவில் 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போயிருந்ததாகப் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்டது. சொந்தத் தளங்களும் தப்பவில்லை. என் பழைய புக்மார்க் பட்டியலில் சிற்றிதழ்த் தளம் ஒன்றின் முகவரியை அழுத்தினால் இப்போது சூதாட்ட விளம்பரம் வருகிறது. டொமைனைப் புதுப்பிக்க ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். அதை ஒருவர் ஒரு வருடம் கட்ட மறந்தால் போதும். பெயரை வேறு யாரோ எடுத்துக்கொள்வார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைத் தமிழ்த் தளங்கள் நேர்மையாகச் சந்திக்கவே தாமதமாயிற்று. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழை ஏற்றுக்கொண்டது 2018இல்தான். அதாவது தமிழ் வலைப்பதிவு செழித்திருந்த காலம் முழுவதும் அதற்கு முறையான விளம்பர வருவாய் அநேகமாக இல்லை. விளம்பரம் வந்தபோது எழுத்து ஏற்கெனவே ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்திருந்தது. வந்த விளம்பரமும் வாசகரைத் துரத்தும் வகை. இன்று சில தமிழ்ச் செய்தித் தளங்களில் நான்கு வரி படிப்பதற்குள் மூன்று பெட்டிகளை மூட வேண்டியிருக்கிறது. சொந்த முகவரி இருந்தும் நம் நேரத்தை விற்கும் வியாபாரத்துக்குள் அவை போய்விட்டன. முகவரி மட்டுமே சுதந்திரம் தந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விளம்பரமில்லாத வழிகள் இருக்கின்றன. பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி என்ற கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக் களஞ்சியம் நன்கொடையாலும் தன்னார்வலர்களாலும் நடக்கிறது, தமிழிலும் படிக்கலாம். 2012இல் தொடங்கிய நியூஸ்லாண்ட்ரி சந்தாவை நம்பி நிற்கிறது. சந்தா என்பது தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய எழுத்து இதழைச் சந்தாதாரர்களை நம்பித்தான் நடத்தினார். தன் வெளியீடுகளைத் தானே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். சில நூறு பேர் கட்டிய சந்தாவில் ஓர் இலக்கிய இயக்கமே ஓடியது. தபால்காரர் கொண்டுவந்த இதழுக்குப் பணம் கட்டிய சமூகம், திரையில் வரும் இதழுக்குக் கட்டத் தயங்குகிறது. தேநீர்க் கடையில் யூபிஐயில் பத்து ரூபாய் அனுப்பும் காலத்தில் இந்தத் தயக்கத்துக்கு நியாயமில்லை. தளம் நடத்துகிறவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. பல தளங்களில் பணம் அனுப்ப விரும்புகிறவருக்கு ஒரு வழியும் காட்டியிருக்காது. கேட்பதை இழிவாக நினைக்கிறார்கள். ஆண்டுச் செலவு இவ்வளவு, வரவு இவ்வளவு என்று ஒரு பக்கம் போட்டாலே வாசகர் புரிந்துகொள்வார்.

பணத்துக்கு அடுத்தது அதிகாரம். 1997இல் தொடங்கிய தமிழ்நெட், இலங்கைப் போரைப் பற்றி வடகிழக்கிலிருந்து செய்தி தந்த தளம். அதன் ஆசிரியர்களுள் ஒருவரான தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டார். 2007 ஜூனில் தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடனின் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. மார்ச் 6 அன்று, அந்தச் சித்திரத்தை நீக்கினால் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே வழி பிறந்தது. அப்போது நூறாண்டை நெருங்கியிருந்த நிறுவனத்துக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஒருவர் வீட்டிலிருந்து நடத்தும் தளத்துக்கு நேர்ந்திருந்தால் அது அப்படியே அணைந்திருக்கும்.

வாசகர்கள் சேர்ந்தாலும் எதுவும் நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு 2015ஐ நினைவூட்ட வேண்டும். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் திட்டங்கள் வந்தபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று ஆணையம் விதித்தது. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது. அன்று அது நிலைத்திருந்தால், சிறிய தமிழ்த் தளங்கள் பணம் கட்டினால்தான் திறக்கும் மூலைக்குத் தள்ளப்பட்டிருக்கும்.

இப்போது வந்திருக்கும் நெருக்கடி இவற்றைவிடப் பெரியது. தேடுபொறியே பதிலைத் தொகுத்துச் சொல்லிவிடுகிறது. 2025இல் பியூ மையம் அமெரிக்கப் பயனர்களின் தேடல்களைப் பார்த்தது. செயற்கை நுண்ணறிவுத் தொகுப்பு வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் முடிவுகளில் உள்ள ஏதாவது ஓர் இணைப்பை அழுத்தினார்கள். தொகுப்பு வராதபோது 15 சதவீதம். ஒரு பக்கம் மனிதர்கள் வருவது குறைகிறது. இன்னொரு பக்கம் அந்தத் தொகுப்புகளுக்கு உணவு தேடும் பொறிகள் கூட்டமாக வந்து சர்வரை மொய்க்கின்றன. 2024 ஜனவரிக்குப் பின் தன் படங்கள், காணொளிகளைப் பதிவிறக்கும் அளவு 50 சதவீதம் கூடியது, அதற்குக் காரணம் பெரும்பாலும் இப்பொறிகளே என்று விக்கிமீடியா 2025இல் அறிவித்தது. விக்கிமீடியாவுக்குச் சர்வர் கட்டணம் கட்ட வழியுண்டு. மாதம் சில நூறு ரூபாய் ஹோஸ்டிங்கில் ஓடும் தளம் இந்த மொய்ப்பில் திணறி நின்றுவிடும். ஒரு கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் தொகுப்பு போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பதிலை முதலில் தேடி எழுதியவர் வாசகரே இல்லாமல் அடுத்ததை எழுதுவாரா என்பதுதான் என் கவலை.

சுதந்திரமாக இருப்பதாலேயே ஒரு தளம் நல்லதாகிவிடாது. புற்றுநோய்க்குப் பொடி விற்கும் தளமும் சொந்த டொமைனில்தான் இருக்கிறது. அடுத்தவர் கட்டுரையைத் திருடிப் போடும் தளங்கள் தமிழில் ஏராளம். நடத்துவது யார் என்று பெயர் இருக்கிறதா, தவறைச் சுட்டினால் திருத்துகிறார்களா, பழைய கட்டுரை அதே முகவரியில் கிடைக்கிறதா என்று மூன்றைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். நல்ல தளங்களில்கூட மெய்ப்பு மோசமாக இருக்கும், கைபேசியில் எழுத்து பொடியாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், எழுதிச் சொன்னால் அநேகமாகச் சரிசெய்வார்கள்.

வாசகர் செய்யக்கூடியவற்றில் எளியதும் பலனுள்ளதும் ஆர்எஸ்எஸ் என்பேன். பல தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் திரட்டித் தரும், 1999இல் வந்த பழைய ஏற்பாடு அது. 2013 ஜூலையில் கூகுள் தன் ரீடரை மூடியபோது இதுவும் செத்தது என்று பலர் நினைத்தார்கள், சாகவில்லை. ஃபீட்லி போன்ற ஒரு செயலியில் உங்களுக்குப் பிடித்த பத்துத் தளங்களின் முகவரியைக் கொடுத்தால், புதிதாக வந்தவை வந்த வரிசையிலேயே நிற்கும். எது மேலே வர வேண்டும் என்று எந்த அல்காரிதமும் தீர்மானிக்காது. காலையில் ஏழு தலைப்புகள் இருந்தால் ஏழைப் பார்ப்பீர்கள். எட்டாவது கிடையாது. இப்படிப் படிக்கத் தொடங்கிய பின் நீண்ட கட்டுரையைக் கடைசிவரை படிக்கும் பொறுமை எனக்குத் திரும்பியிருக்கிறது. நோட்டிபிகேஷன் எதையும் நான் அனுமதிப்பதில்லை. எழுத்து என்னைக் கூப்பிட வேண்டாம், நானே போகிறேன்.

இன்னொன்று, ஃபார்வர்டு. ஒருவர் நாட்கணக்கில் உழைத்து எழுதியதை அப்படியே நகலெடுத்து, பெயரையும் முகவரியையும் நீக்கி, கீழே ‘படித்ததில் பிடித்தது’ என்று போட்டு வாட்ஸப்பில் அனுப்புவதை நம் படித்த நண்பர்களே செய்கிறார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. பிடித்ததால்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த எழுத்து ஆயிரம் பேரை எட்டியும் எழுதியவருக்கு ஒரு வாசகர்கூடச் சேர்வதில்லை. தொடக்கத்து இரண்டு பத்தியோடு இணைப்பை அனுப்பினால் அவரவர் அங்கே போய்ப் படிப்பார்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொன்றையும் படிப்பார்கள். பணம் தர இயலாதவர் நேரம் தரலாம். பழைய நூல்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்க ஆளில்லாமல் தமிழ்ப் பக்கங்கள் காத்திருக்கின்றன. ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகும்.

எல்லாவற்றுக்கும் மேல், நடத்துகிறவருக்குப் பிறகு என்ன என்ற கேள்வி நிற்கிறது. இந்தத் தளங்களைத் தொடங்கிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கும் தளம் அவரோடு போய்விடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. ஒரே இடத்தில் ஒரே படி இருந்தால் என்ன ஆகும் என்பதை ஈழத்தமிழர் அளவுக்கு அறிந்தவர் இல்லை. தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் தளம் பிறகு இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவாகி, ஆட்கள் மாறினாலும் பணி நிற்காதபடி அமைந்திருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் வேறு வழியில் போனது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்களை வெளியிடுவதால், அந்தத் தளமே நாளை இல்லாவிட்டாலும் படிகளை யாரும் எங்கும் வைத்துக்கொள்ளலாம். தனியாகத் தளம் நடத்துகிறவர் இவ்வளவு செய்ய முடியாது. டொமைனைப் பத்து ஆண்டுக்குச் சேர்த்துப் புதுப்பிப்பதும், நம்பகமான இன்னொருவரிடம் கடவுச்சொல்லைத் தருவதும், ஆண்டுக்கொரு முறை முழுத் தளத்தையும் பேக்கப் எடுத்து இரண்டு இடத்தில் வைப்பதும் அவரால் முடியும். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அதன் படி அங்கே சேமிக்கப்படும். அதற்குத் தள உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டுரையைப் படித்த யாரும் செய்யலாம்.